பட்டன் ராவுத்தரின் டயர்

"...என்னையப் பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு நிமிந்துகூடப் பார்க்கல தம்பி, சரின்னு சொல்லிட்டாக. ஒரு டயரைப் பார்க்கத்தான் இத்தனை வருசம்."

பட்டன் ராவுத்தரின் சம்சாரம் இதைச் சொன்னது, உத்தமபாளையத்தில் நான் விற்பனையாளாக இருந்த டயர் கடையின் படியில். சொன்னது என்னிடம். கேட்க வேண்டியவர் கீழே குத்தவைத்து உட்கார்ந்து, முன்சக்கரத்து ரப்பரை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சொல்லிவிட்டு அந்த அக்கா என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ராவுத்தரைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொன்னால் விளங்காது.

டயரைத் தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, காதோரம் வைத்துக் கேட்டும் பார்த்து, கடைசியில் வாங்காமலே போகிறவர்களுக்கு உலகத்தில் ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு மூன்றும் அவருக்குத்தான். மூன்றில் எதை முதலில் வாங்குவது என்று மேடையில் நின்று யோசிக்கவும் யோசிப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். ஊருக்கு அவர் பட்டன் ராவுத்தர். சேற்றிலும் காட்டுப் பாதையிலும் ஓட்டுவதற்காக முட்டு முட்டாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்குமே, அந்த டயருக்கு எங்கள் பக்கம் பட்டன் டயர் என்று பெயர். பேச்சை எங்கே ஆரம்பித்தாலும் அங்கே கொண்டுவந்து நிறுத்திவிடுவார். ஊருக்குப் புதிதாக வந்த வாத்தியார் ஒருவர் இவரைத் தையற்காரர் என்று நினைத்து இரண்டு சட்டையோடு வீட்டுக்கே போய்விட்டார். ராவுத்தர் அவரை உட்கார வைத்து, டீ கொடுத்து, டயரைப் பற்றிப் பேசி அனுப்பினார். வாத்தியார் அதற்கப்புறம் அந்தத் தெரு வழியாகப் போகவே இல்லை.

வண்டியும் ஒரு தினுசு. மலை எஸ்டேட் ஒன்றில் எந்தக் காலத்திலோ இருந்த துரை விட்டுப்போன வெளிநாட்டு மோட்டார் சைக்கிள். டேங்கில் கம்பெனி பெயர் அழிந்து பெயின்ட் மட்டும் மிச்சம். முன் மட்கார்டு டயருக்கு ஒரு முழம் மேலே அலகு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். சைலன்சர் இடுப்பு உயரத்தில் போகும். எங்கள் முதலாளி அதற்குக் கொக்கு என்று பெயர் வைத்தார். முன்சக்கரம் சைக்கிள் சக்கரம்போலப் பெரிசு. பின்சக்கரம் அதைவிடச் சின்னது, ஆனால் தடிமன். இந்தச் சோடிக்குப் பொருந்துகிற பட்டன் டயர் தேனியிலும் கிடையாது, மதுரையிலும் கிடையாது. பின்சக்கரத்துக்கு மட்டும் எப்போதாவது ஒன்று எங்கள் கடைக்கு வரும். லாரியிலிருந்து அதை இறக்குவதற்குள் ராவுத்தர் வந்து நிற்பார். யார் சொன்னது என்று கேட்டால், ரப்பர் வாசம் வந்தது என்பார். அவர் வீடு பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம்.

இதெல்லாம் எதற்கு என்றால், கம்பம்மெட்டுக்கு மேலே இருந்த ஒரு துண்டு ஏலத்தோட்டத்துக்காக. அக்காவின் அத்தா, அதாவது அப்பா, சீதனமாகக் கொடுத்தது. ஜீப் போகிற ரோடு தோட்டத்துக்கு வெகு கீழேயே நின்றுவிடும். அதற்குமேல் ஒற்றையடிப் பாதை, வருசத்தில் பாதி நாள் சேறு. கல்யாணமான புதிதில் ராவுத்தர் அக்காவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கொக்கில் ஏறியிருக்கிறார். முதல் வளைவிலேயே மொட்டை டயர் வழுக்கி, அக்கா விழுந்து, முழங்கால் பிசகிவிட்டது. கட்டுப் போட்டும் முழுசாகச் சரியாகவில்லை. சமதரையில் நடப்பார், ஏற்றம் ஏற முடியாது. தன் சொந்தத் தோட்டத்தை அவர் மூட்டையில் வருகிற ஏலக்காயாகத்தான் பார்த்திருக்கிறார். செடியாகப் பார்த்ததே இல்லை. வழுக்காத டயராகப் பார்த்து மாட்டி உன்னைக் கூட்டிப்போகிறேன் என்று ராவுத்தர் வாக்குக் கொடுத்தார். அவர் வாக்குக் கொடுத்தது வீட்டில். வாங்கிக் கட்டிக்கொண்டது எங்கள் கடை.

டயரைப் பார்த்து டயர் வாங்கக் கூடாது, மண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பாதைச் சேற்றை ஒரு பாலிதீன் கவரில் அள்ளி, ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். நேரே கடைக்குள் வந்து சிமெண்ட் தரையில் கொட்டுவார். குடிக்க வைத்திருக்கும் பானைத் தண்ணீரைத் தெளித்துப் பிசைவார். புது டயரை அதன்மேல் உருட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மண்டியிட்டுத் தடத்தைப் படிப்பார்.

"பட்டன் நெருக்கமா இருந்தா சேறு அப்பிக்கிட்டுச் சக்கரம் உருண்டையாப் போயிரும் மாப்ள. விலகி இருந்தா உதறிரும். ஆனா ரொம்ப விலகிட்டா பாறையில நிக்காது."

நெருக்கமும் கூடாது, விலகலும் கூடாது என்றால் நான் எங்கே போவேன். போன மாதம் வந்த டயர் சரியான இடைவெளிதானே மாமா என்று கேட்டால், அது ரப்பர் முத்தல் என்பார். வெண்டைக்காயை ஒடித்துப் பார்ப்பதுபோல ரப்பரை நகத்தால் கீறி இளசு, முத்தல் என்று பிரிப்பார். அதற்கு முந்தினது இளசுதானே என்றால், ரொம்ப இளசு, தேய்ந்துவிடும் என்பார். இது டயர் கடையா, நாற்று நடுகிற வயலா என்று முதலாளி என்னிடம்தான் எரிந்து விழுவார். ராவுத்தரிடம் கேட்க மாட்டார். கேட்டால் பதில் சொல்வார் என்ற பயம்.

வழுக்காத டயர் தேடிய அந்தச் சேற்றில் முதலில் வழுக்கி விழுந்தது, டிராக்டர் டயர் விலை கேட்க வந்த சின்னமனூர் சம்சாரி ஒருவர். நானும் முதலாளியும் ஓடிப்போய்த் தூக்கினோம். ராவுத்தர் அவருடைய செருப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அடியில் பட்டன் தேய்ந்துவிட்டது என்று குறை சொன்னார். சம்சாரி டயரைச் சின்னமனூரிலேயே வாங்கிக்கொண்டார்.

கடையில் சேறு கொட்டக் கூடாது என்று முதலாளி அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். இந்தியாவிலேயே அப்படி ஓர் அட்டை தொங்கிய டயர் கடை எங்களுடையதாகத்தான் இருக்கும். ராவுத்தர் அதைப் படித்துவிட்டு, நல்லது, கண்ட கண்ட ஆளும் கொண்டுவந்து கொட்டிவிடுவான் என்று பாராட்டினார்.

சேறு காய்ந்தால் அதன் குணம் மாறிவிடுமாம். ஆகவே வீட்டில் ஃபிரிட்ஜ் வாங்கியதும் சேறு அதற்குள் குடியேறியது. பால் பாக்கெட்டுக்குக் கீழே, முட்டைக்குப் பக்கத்தில், முடிச்சுப் போட்ட கவர்கள். நோன்புக்கு வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி கேப்பைக் களி என்று நினைத்து ஒன்றை எடுத்துக் கரைக்கப் போய்விட்டாள். அன்றைக்கு அக்கா கடைக்கே வந்து என்னிடம் முறையிட்டார்.

"மேல தோட்டத்துல இருந்து வெள்ளிக்கிழமை தொழுகைக்கு எறங்கி வந்தா, எங்கத்தா காலு ரெண்டும் இந்தச் சேறுதான் இருக்கும். கழுவாம வாசப்படி ஏற மாட்டாக. இந்த மனுசன் அதே சேத்தைக் கொண்டாந்து பாலுக்குப் பக்கத்துல வைக்கிறாக. நீங்க அந்த டயரை வித்துத்தொலைஞ்சா என்ன தம்பி?"

நான் என்ன விற்க மாட்டேன் என்றா சொன்னேன்? ராவுத்தர் கேட்டால் என் சைக்கிளில் மாட்டியிருக்கும் டயரைக்கூடக் கழற்றிக் கொடுத்திருப்பேன்.

வருசநாட்டுக் கதையைச் சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது. அங்கே ஒரு வீட்டில், கொக்கின் முன்சக்கரத்துக்குச் சரியான அளவில் பட்டன் டயர் ஒன்று இருப்பதாக யாரோ கிளப்பிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆனி மாதம், என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். டயர் இருந்தது நிஜம். இருந்த இடம், வீட்டுக்கூரைத் தகரத்தின் மேல். எங்கள் பக்கத்து மேல்காற்றில் தகரம் பறக்காமல் இருக்க டயரைப் பாரமாகப் போட்டு வைப்பது வழக்கம். இது எல்லாரையும்போல ராவுத்தருக்கும் தெரியும். ஆனால் பட்டனைக் கண்டதும் மறந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா உள்ளே போய்த் தண்ணீர் மொண்டு வருவதற்குள் மதில்மேல் ஏறி டயரை எடுத்துவிட்டார்.

டயர் இந்தப் பக்கம் வந்தது. தகரம் அந்தப் பக்கம் போனது. ஒன்று பக்கத்துக் கொல்லை முருங்கையில் மாட்டியது. இன்னொன்று ஆட்டுப்பட்டியைத் தாண்டி, வாகாக இறக்கை விரித்துக்கொண்டு ஓடைப் பக்கம் போயிற்று. செம்போடு வெளியே வந்த அம்மா வானத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏலே, நீங்க டயரு பார்க்க வந்தீகளா, என் வீட்டைப் பிரிச்சுப் பார்க்க வந்தீகளா?"

பொழுது சாயும்வரை நானும் ராவுத்தரும் கூரை மேய்ந்தோம். அந்த அம்மாவே மனம் இரங்கி, சோறு போட்டு, டயரையும் எடுத்துக்கொண்டு போங்கள், வேறு பாரம் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னார். ராவுத்தர் கையைக் கழுவிவிட்டு டயரை ஒரு சுற்று உருட்டிப் பார்த்தார்.

"வெயில்ல கெடந்து ரப்பர் வெடிச்சுப்போச்சு மாப்ள. ஆளை ஏத்திட்டுப் போக ஆகாது."

திரும்பி வந்த வழி முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவர் அதையும் கவனிக்கவில்லை. வழியில் எந்த மண் எப்படி என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கடைசியில் டயர் கிடைத்தது கேரளாவிலிருந்து. மலைக்கு அந்தப் பக்கம் சேற்றில் பந்தயம் ஓட்டுகிற பையன்கள் எங்கிருந்தோ தருவிப்பதாகக் கேள்விப்பட்டு, கட்டப்பனையில் ஒரு கடைக்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன். ஊரே சிக்குன்குனியாவில் நொண்டிக்கொண்டிருந்த வருசம் அது. ராவுத்தரும் மூட்டுக்கு மூட்டு வீங்கி மாதக்கணக்கில் படுத்திருந்தார். தோட்டத்துப் பக்கமே போகவில்லை. அவர் எழுந்து நடமாடவும் டயர் வரவும் சரியாக இருந்தது. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த கடைசிக் கவரோடு வந்தார். அட்டைக்குக் கீழேயே சேற்றைக் கொட்டினார், பிசைந்தார், உருட்டினார், கீறினார், முகர்ந்தார். நானும் முதலாளியும் பரீட்சை முடிவுக்கு நிற்கிறவர்கள் மாதிரி நின்றோம்.

"மாட்டு" என்றார்.

முதலாளி எல்லாருக்கும் குடிக்கக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். ராவுத்தர் தரையில் கிடந்த சேற்றை வழித்து மறுபடி கவரில் போட்டு ஹேண்டில்பாரில் தொங்கவிட்டார். இரண்டு டயரையும் மாட்டி முடித்து, அக்காவைக் கூட்டிவர ஆள் அனுப்பினோம். அவர் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்து படியில் நிற்கவும், அவருடைய தம்பி காதர் ஜீப்பில் வந்து இறங்கவும் சரியாக இருந்தது. காதர், மலைக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டுகிறவன். மச்சானைச் சீண்டாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

"எதுக்கு மச்சான் பட்டன் மாட்டுறீக? நீங்க படுத்துக் கெடந்தப்ப தோட்டம் வரைக்கும் காங்கிரீட் போட்டுட்டாக. நான் நேத்து ஜீப்லயே போயிட்டு வந்தேன். அக்கா, வா, ஒரு மணி நேரத்துல கொண்டுபோய் எறக்குறேன்."

எனக்கு ராவுத்தரின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர் மெதுவாக முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். பட்டனை நகத்தால் கீறினார்.

"காங்கிரீட்டுல பட்டன் நிக்காது மாப்ள. மழை பேஞ்சா கண்ணாடி மேல கோலிக்குண்டு வச்ச மாதிரி. கழட்டிரு. நான் போயி அந்தக் காங்கிரீட்டுல கொஞ்சம் பேத்து எடுத்துட்டு வர்றேன். வச்சுப் பார்ப்போம்."

முதலாளி கையிலிருந்த கலர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். அத்தனை வருசத்தில் முதன்முறையாக நான் ராவுத்தரிடம் குரலை உயர்த்தினேன். உங்களுக்கு உலகத்தில் எந்த டயர்தான் மாமா ஆகும் என்று கேட்டேன்.

அவர் நிமிரவில்லை. "ஒருக்கா இவளை விழுத்தாட்டிட்டேன் மாப்ள" என்று டயரிடம் சொன்னார்.

அப்போதுதான் அக்கா படியில் நின்றபடி, பொண்ணு பார்த்த கதையை என்னிடம் சொன்னார். காதர் ஜீப்பின் கதவைத் திறந்து வைத்து ஹாரன் அடித்தான். அக்கா ஜீப்பைப் பார்த்தார். பிறகு முழங்காலைத் தாங்கித் தாங்கிப் படியிறங்கி, கொக்கின் பக்கம் வந்தார். ஹேண்டில்பாரில் தொங்கிய கவரைக் கழற்றி, முடிச்சை அவிழ்த்து, ஒரு விரலால் சேற்றைத் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். ஒரு காலத்தில் அவர் அத்தாவின் காலோடு இறங்கி வந்த சேறு. பிறகு ராவுத்தர் ஒருநாளும் போடாத அளவுக்கு இறுக்கமாக அந்தக் கவரை முடிச்சுப் போட்டார். என் தோளைப் பிடித்து ஏறிப் பின்சீட்டில் ஒருச்சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, சேற்றை மடியில் வைத்து, வீட்டுக்காரர் வந்து வண்டியை உதைப்பதற்காகக் காத்திருந்தார்.