கருப்பசாமியின் குதிரை கடல் தாண்டுமா?

டெலானிபூர்,
அந்தமான்.

மகா கனம் பொருந்திய அண்ணன் முத்துராஜ் அவர்களின் பாதங்களில், தம்பி ஈஸ்வரன் இங்கிருந்தபடியே விழுந்து கும்பிட்டு எழுதிக்கொள்வது. நாங்கள் நலம், தங்கள் நலமறிய ஆவல் என்று தொடங்குவது முறை என்பதால் தொடங்குகிறேன். உண்மையில் நாங்கள் நலமாக இல்லை. தங்கள் நலத்தை அறியும் ஆவலும் இந்த வாரம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கிறது. அண்ணியின் மூட்டுவலி குறைந்ததா என்று என் வீட்டுக்காரி செல்லம் கேட்கச் சொன்னாள். அண்ணி மேல் எங்களுக்குக் கோபம் இல்லை.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் "அண்ணே, ஒரு நியாயம்" என்று வாயைத் திறந்ததும் தங்களுக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டும் வேலை வந்துவிடுகிறது. காகிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. தவிரவும், நான் கடிதம் எழுதுகிறவன் என்பது இந்த ஊருக்கே தெரியும். துறைமுகத்தில் ஸ்டோர்கீப்பராக இருந்து ரிட்டயர் ஆன பிறகு, குழாயில் தண்ணீர் நினைத்த நாளில் மட்டும் வருவதைப் பற்றி எழுதினேன், மெயின்லேண்டு கப்பல் சொன்ன தேதிக்குக் கிளம்பாததைப் பற்றி எழுதினேன், மேல்வீட்டுச் சேவல் மத்தியானத்தில் கூவுவதைப் பற்றிப் பத்திரிகைக்கே எழுதினேன். நான் பேனாவைத் திறந்தாலே செல்லம் "ஒக்காந்துட்டாருப்பா" என்று தலையில் அடித்துக்கொள்வாள். அவளுக்குப் பொது விஷயம் புரியாது.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். அன்று சாமி தங்கள் மேல் இறங்கியிருந்ததால் தங்களுக்கு ஒன்றுமே நினைவில்லை என்று சொல்லிவிட்டீர்கள் அல்லவா, அதற்காக. என் மகள் சங்கவிக்கும் பெரார்கஞ்ச் ரவிசங்கருக்கும் தை மாதம் கல்யாணம் செய்யலாமா என்று நம் குலதெய்வம் எல்லைக் கருப்பரிடம் உத்தரவு கேட்பதாக ஏற்பாடு. சாமியாடி நீங்கள். கோயில் வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றது அண்ணி. இங்கே நாங்கள் குளித்து, பட்டினி கிடந்து, பக்கத்து குவார்ட்டர்ஸ் வசந்தகுமாரி அம்மாவின் பெரிய போனை இரவல் வாங்கி, சாமி படத்துக்குப் பக்கத்தில் சொம்பின்மேல் சாய்த்து வைத்து, சூடம் கொளுத்தி உட்கார்ந்தோம். அங்கே உடுக்கை அடித்தது, நீங்கள் ஆடினீர்கள், சுருட்டு கேட்டீர்கள், கொடுத்தார்கள். அதுவரை நெட்வொர்க் பளிங்கு மாதிரி இருந்தது, சுருட்டுப் புகைகூடத் தெரிந்தது. செல்லம் கண்ணீர் வழிய, "கருப்பா, எம்புள்ள கல்யாணம் நடக்கலாமாய்யா?" என்று கேட்டாள். நீங்கள் அரிவாளை ஓங்கி, நாக்கைத் துருத்தி, எங்களை நேராகப் பார்த்து "நடக்க" என்றீர்கள். அவ்வளவுதான், படம் நின்றுவிட்டது. ஓங்கிய அரிவாள் ஓங்கியபடி இருக்க, நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. செல்லம் அந்த வட்டத்துக்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

நடக்க! அண்ணா, இந்த வார்த்தைக்கு வாலில்தான் உயிர் இருக்கிறது. "நடக்கட்டும்" என்றால் மேளம். "நடக்கக் கூடாது" என்றால் என் பிள்ளையின் வாழ்க்கை போச்சு. இங்கே எல்லாரும் பேசுகிற இந்தியில் வேண்டாம் என்பதை முதலிலேயே "மத்" என்று சொல்லிவிடுவார்கள். பாதியில் அறுந்தாலும் கேட்டவன் பிழைத்துக்கொள்வான். நம் தமிழ்தான் மனிதனைக் கடைசி எழுத்துவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வைக்கிறது. உடனே திரும்பக் கூப்பிட்டேன். "சாமி மலையேறிட்டாருடா. வாக்குச் சொன்னது அவரு, நானில்ல. எனக்கென்ன நெனப்பிருக்கும்?" என்றீர்கள். அண்ணி செல்லத்திடம் ரகசியமாக, "நடக்கட்டும்னுதான்டி காதுல விழுந்துச்சு" என்றார். நீங்கள் பக்கத்தில் வந்து இருமியதும், "உடுக்கைச் சத்தத்துல எங்க கேட்டுச்சு" என்று மாற்றிவிட்டார். இன்னொரு தரம் கேளுங்கள் என்று கெஞ்சினேன். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னீர்கள்: "ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தான் கேக்கணும். அதுவும் அவரு எல்லைச்சாமிடா. கடல் தாண்டி அவருக்கு அதிகாரம் கெடையாது. குதிர கடல்ல எறங்குமா?"

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தாங்கள் மூத்தவர், சாமியாடி, நான் ஸ்டோரில் பெயிண்ட் டப்பா எண்ணியவன். ஆனாலும் கேட்கிறேன். நம் கோயில் சுவரில் நீலப் பெயிண்டில் "எல்லையில்லாப் பெருமானே போற்றி" என்று எழுதியிருக்கிறதே, எழுதச் சொன்னது யார்? தாங்கள். எல்லை இல்லாதவருக்கு எல்லை எப்படி வந்தது? அவர் எல்லையைக் காக்கிற சாமியா, எல்லைக்குள் வைத்துக் காக்கப்படுகிற சாமியா? இந்தக் கடலைப் படைத்தது யார், நம் பஞ்சாயத்தா? தான் வெட்டிய கிணற்றைத் தானே தாண்ட முடியாமல் ஒருவர் நின்றால் அவரை எல்லாம் வல்லவர் என்று எந்த வாயால் கூப்பிடுவது? முருகன் இங்கே வந்துவிட்டார். பெங்காலிகளோடு காளி வந்தாள், மலையாளிகளோடு ஐயப்பன் வந்தார், தெலுங்குக்காரர்களோடு வெங்கடாசலபதி வந்தார், எல்லாருக்கும் கோயிலும் மைக் செட்டும் இருக்கிறது. நம்மவருக்கு மட்டும் கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லையா? இந்த ஊரின் போர்ட் பிளேர் என்ற பேரை மாற்றிவிட்டார்களே, அதனால் அட்ரஸ் தெரியாமல் நிற்கிறாரோ என்றுகூட யோசித்துப் பார்த்தேன்.

சரி, சண்டை வேண்டாம், கோயிலிலிருந்து ஒரு பிடிமண் கொடுத்தனுப்புங்கள், அந்த மண்ணை இங்கே வைத்துக் கும்பிட்டால் இதுவும் அவர் இடம்தானே, காலங்காலமாக நம் ஆட்கள் போன ஊரில் எல்லாம் அப்படித்தானே செய்தார்கள் என்று கேட்டேன். அதற்கு என்ன சொன்னீர்கள்? "மண்ணு அங்க வந்தா எல்லையும் அதுவரைக்கும் நீண்டுரும். அம்புட்டுத் தூரம் தெனம் சுத்தினா குதிர என்னத்துக்கு ஆகும்?" சாமியின் குதிரைக்கு மூச்சு வாங்கும் என்று கவலைப்பட்ட முதல் பக்தர் தாங்கள்தான், அண்ணா. அதுவும் அது செங்கலும் சிமெண்டும் வைத்துக் கட்டிய குதிரை.

நிஜமான காரணம் குதிரை இல்லை என்று எனக்குத் தெரியும். மூன்றாவது தடவை பேசும்போது தாங்களே வாய் தவறி, "அவங்க என்ன குலம்னே தெரியாதேடா" என்றீர்கள். ஆமாம், தெரியாது. ரவிசங்கரின் கொள்ளுத்தாத்தாவைச் சங்கிலி போட்டுக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். தண்டனை முடிந்து, இங்கேயே ஒரு பெண்ணைக் கட்டி, பெரார்கஞ்சில் காட்டை வெட்டி வயல் போட்டார். அவர் எந்த ஊர், எந்தச் சாமி, ஒன்றும் தெரியாது. இதைப் பையனின் அம்மா ஷோபாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அந்த அம்மா கோபப்படவில்லை. பாக்கு உலர்த்திக்கொண்டிருந்த கையோடு, "பாயி சாப், பர்தாதா ஜஹாஸ் மே ஆயா. ஊப்பர்வாலா ஸாத் மே ஆயா யா நஹி ஆயா, கிஸ்கோ மாலூம்? பச்சா லோக் குஷ் ஹை, பஸ்" என்றார். கொள்ளுத்தாத்தா கப்பலில் வந்தார், மேலே இருக்கிறவர் கூடவே வந்தாரா என்று யாருக்குத் தெரியும், பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள், அது போதாதா என்று அர்த்தம். சங்கிலியில் வந்தவனோடு கூட வராத சாமி, பட்டுப்புடவையோடு கூப்பிட்டால்தான் வருவாரா?

இன்னொன்றும் கேட்கிறேன். இந்தப் பிள்ளைகள் சந்தித்தது எந்தச் சாமியின் எல்லையில்? சங்கவி கார் நிக்கோபாரில் நர்ஸ் வேலைக்குப் போன முதல் பயணம். டென் டிகிரி சேனல் என்கிற அந்தக் கொந்தளிக்கிற கடலில் கப்பல் தூக்கித் தூக்கிப் போடுகிறது, இவள் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டு கிடக்கிறாள். எஞ்சின் ரூமில் வேலை பார்க்கிற பையன் ஏறி வந்து, எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கையில் கொடுத்து, கரை தெரிகிறவரை வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவன்தான் ரவிசங்கர். பெண் பார்க்க வருகிறவன் பஜ்ஜி தின்றுவிட்டுப் போவான், இவன் வாளி பிடித்தான். சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர், ஒரு கோயில் கோபுரம் கிடையாது. அந்த இடத்தில் என் பிள்ளைக்கு எலுமிச்சம்பழம் அனுப்பியது யார் என்று தாங்கள் சாமி வராத நேரத்தில் யோசித்துச் சொல்லவும்.

வீட்டு நிலைமை இது. செல்லம், உத்தரவு இல்லாமல் பந்தக்கால் நடவிட மாட்டேன் என்கிறாள். "பெரியத்தான் வாயில சாமி முழுசாச் சொல்லட்டும், அப்பறம் பாப்போம்" என்கிறாள். நான் அதட்டினேன். பேருக்குத்தான் நான் ஈஸ்வரன், என் அதிகாரம் அடுப்படி வாசலோடு நின்றுவிடுகிறது. போன வாரம் லீவில் வந்த சங்கவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்பா, சாமிக்கு இஷ்டமில்லன்னா விட்டுருங்கப்பா. ரவிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்களும் பெரியப்பாவும் அடிச்சுக்காதீங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். சாப்பிடாமலே கப்பலேறிப் போய்விட்டாள். கப்பல்துறையில் நின்று கையாட்டிவிட்டு வந்து படுத்தவன், இந்தக் கடிதம் எழுதத்தான் எழுந்தேன் அண்ணா. அவள் பிறந்தபோது இங்கே வந்து முதலில் தூக்கியது தாங்கள்தான். அந்தக் கையாலா அரிவாளை ஓங்கிக்கொண்டு பாதி வார்த்தையில் நிற்கிறீர்கள்?

ஆகவே எழுத்து மூலமாகவே அறிவித்துவிடுகிறேன். கருப்பருக்கு எல்லை கிடையாது. கடல் அவருக்குக் கால் நனைகிற வாய்க்கால். அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, என் வீட்டுக்குள் நடப்பதுகூட அவருக்குத் தெரியும். அவர் அங்கே தங்கள் வாயால் சொல்லும் வாக்குக்கு என்ன மதிப்போ, அதே மதிப்பு டெலானிபூரில் அவர் யார் வாயால் சொன்னாலும் உண்டு. அதற்கு நான் மறுபேச்சில்லாமல் கட்டுப்படுவேன். இதை எந்தச் சபையில் வேண்டுமானாலும் எடுத்துக் காட்டலாம், கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தையில் கல்யாணம். தாங்கள் வந்தால் முதல் வரிசை நாற்காலி. வராவிட்டால் அந்த நாற்காலியில் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கப்படும்.

அண்ணிக்கு எங்கள் வணக்கம். மாடு கன்றுகளுக்கு என் அன்பு. கோயிலுக்குப் போனால் எனக்காகவும் ஒரு சூடம் ஏற்றவும், சாமி இன்னும் அங்கேயேதான் இருக்கிறார் என்றால். தங்கள் ஆசீர்வாதம் எங்களுக்கு எப்போதும் வேண்டும், இந்த விஷயத்தில் தவிர.

இப்படிக்கு,
தங்கள் அன்பும் கோபமும் மாறாத தம்பி,
ஈஸ்வரன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கும் நேரம். செல்லம் சாமி படத்துக்கு முன்னால் நின்றவள், திடீரென்று தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, "டேய் ஈஸ்வரா!" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பேரைச் சொன்னதில்லை. நான் நாற்காலியிலிருந்து கீழே வந்துவிட்டேன். "நான் கருப்பன் வந்துருக்கேன்டா. கல்யாணம் நடக்கட்டும்டா!" என்றார். ட்டும். என் இரண்டு காதாலும் கேட்டேன், சத்தம் கேட்டு ஓடிவந்த வசந்தகுமாரி அம்மாவும் கேட்டார். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன், கண்ணீர் வந்துவிட்டது. அத்தோடு மலையேறியிருக்கலாம். ஏறவில்லை. "ஈரத்துண்ட இனிமே கட்டில்ல போடக் கூடாது. ஊருக்கெல்லாம் கடுதாசி எழுதுறத இன்னியோட நிறுத்தணும். அண்ணங்கிட்ட போன்ல மன்னிப்புக் கேக்கணும். சமஜ்தா ஹை க்யா?" என்றார், புரிகிறதா என்று அர்த்தம். நம் கருப்பருக்கு இந்தி தெரியும் என்பதைத் தாங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். ஈரத்துண்டு விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குச் சந்தேகம் வந்தது, ஆனால் அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று மேலே நானே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

கருப்பர் கடல் தாண்ட மாட்டார் என்ற தங்கள் கருத்தே சரி என்று ஒரு வரி எழுதிவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அப்படி எழுதினால் "நடக்கட்டும்" என்பதும் செல்லாது போகும். முதல் வார்த்தைக்கு மட்டும் குதிரை கடலைத் தாண்டியது, மீதி வார்த்தைகளுக்குத் தாண்டவில்லை என்று வைத்துக்கொள்ள வழியுண்டா என்றும் பார்த்தேன். அதற்குள் கார் நிக்கோபாரிலிருந்து சங்கவி கூப்பிட்டாள். சாமி சொன்னதைச் சொன்னேன். "நெசமாவாப்பா?" என்று கேட்டுவிட்டு, இவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து அழுதாள், பிறகு சிரித்தாள். குதிரை முழுசாகவே தாண்டிவிட்டது, அண்ணா.

துண்டைக் கொடியில் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இது பின்குறிப்பு, கடிதம் ஆகாது, தடையில் சேராது. நாளைக்குப் போனில் மன்னிப்புக் கேட்பேன், சாமி உத்தரவு. "மன்னிக்க" என்று நான் சொல்லும்போது லைன் அறுந்துபோனால், மீதியைத் தங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளவும்.