நுளம்பில்லாத நுளம்புச் சுவரொட்டி

நுளம்பை, அதாவது கொசுவை, ஒழிப்பதற்காக உலகத்து நாடுகள் எத்தனையோ சுவரொட்டிகளை அடித்து ஒட்டியிருக்கின்றன. அவை எல்லாவற்றிலும் ஒரு பெருங்குறை உண்டு. நுளம்பு இருக்கும். நுளம்பே இல்லாத நுளம்பு ஒழிப்புச் சுவரொட்டியை மனித குலத்துக்கு முதன்முதலில் வழங்கிய பெருமை, எண்பத்திரண்டாம் ஆண்டு மாரியில், கல்முனைக்குப் பக்கத்திலுள்ள நம்முடைய ஊரையே சேர்ந்தது.

அந்தப் பெருமையைத் தன் கையாலேயே செதுக்கியவள் நபீலா. சைக்கிள் திருத்தும் கச்சிமுகம்மதின் மகள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கொழும்பிலிருந்த 'கலாஜோதி தபால் சித்திரப் பயிற்சி நிலைய'த்தில் சேர்ந்திருந்தாள். மாதம் ஒரு பாடம் தபாலில் வரும். அவள் வரைந்து அனுப்புவாள். சிவப்பு மையில் திருத்தித் திரும்பி வரும்.

"தபால்ல சித்திரம் படிக்கிறதெண்டா தபால்ல நீச்சல் படிக்கிற மாதிரித்தானே?" என்று பக்கத்து வீட்டுச் சுபைறா ராத்தா ஊரின் சார்பில் ஐயம் எழுப்பினாள்.

முதற்பாடம் முட்டை. ஒளியும் நிழலும் விழும்படி ஒரே முட்டையைத் திரும்பத் திரும்ப வரையச் சொல்லியிருந்தார்கள். "நீ வரஞ்சி முடியிறதுக்குள்ள அது குஞ்சு பொரிச்சிரும் மகள்" என்று உம்மா ஆமினா கவலைப்பட்டாள். முட்டைக்குப் பிறகு தேயிலைப் பக்கெற்றுக்கு உறை, கதைப் புத்தகத்துக்கு அட்டை என்று கலை படிப்படியாக உயர்ந்தது. கடைசிப் பாடம்தான் கடினம். 'பொதுமக்களின் பார்வைக்கு உண்மையாகவே வைக்கப்பட்ட ஒரு வேலை'யின் அச்சுப் பிரதியை அனுப்ப வேண்டும். அனுப்பினால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால், சித்திர ஆசிரியை வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.

பொதுமக்களின் பார்வையில் எதை வைப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது ஊருக்குக் காய்ச்சல் வந்தது.

வீட்டுக்கு ஒருவர் போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். பெரிய றோட்டோரத்து வடிகாலான கானில் பக்கீர் முகைதீன் ஹாஜியாரின் நெல் மில்லிலிருந்து உமி கொட்டுகிறது. உமி அடைத்த கானில் மழைத்தண்ணீர் ஓடாமல் நிற்கிறது. நின்ற தண்ணீரில் நுளம்பு குடும்பம் நடத்துகிறது. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யாராவது சொல்வது மரியாதையல்ல. ஆகவே காரணத்தைக் 'கண்டறிய' நுளம்பு ஒழிப்பு மகாசபை ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர், பக்கீர் முகைதீன் ஹாஜியார். கூட்டம் நடக்கும் மில் மாடி அவருடையது, கதிரைகள் அவருடையவை, தேத்தண்ணியும் அவருடையது. அது மட்டுமல்ல, நுளம்பு வளர்ப்பில் அவரளவுக்கு அனுபவம் ஊரில் வேறு யாருக்கு உண்டு?

முதற் கூட்டத்தில் சுவரொட்டி அடிப்பதென்று முடிவாயிற்று. செயலாளர் சரீப் மாஸ்டர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வீட்டில் பேசும்போதும் மேடைத் தமிழிலேயே பேசுபவர், வசனத்தை எழுதிக்கொண்டே வந்திருந்தார். எழுந்து நின்று வாசித்தார்:

"பொதுமக்களே! நம் இரத்தத்தை உறிஞ்சிக் கொழுக்கும் இந்த ஜந்துவை இனங்காணுங்கள்! அடியோடு ஒழியுங்கள்!"

கைதட்டல் மில் இயந்திரத்தின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வசனம் ஏகமனதாக நிறைவேறியது. சபை உறுப்பினரும் பாண்டிருப்பு அச்சக முதலாளியுமான அழகரெத்தினம் அன்றைக்கே தன்னிடமிருந்த மிகப் பெரிய ஈய எழுத்துகளில் அதைக் கோத்துக் கட்டி வைத்தார். படம் வரையும் பொறுப்பு நபீலாவுக்குக் கிடைத்தது. கூலி கேட்காத கலைஞர் ஊரில் அவள் ஒருத்திதான்.

'படைப்பின் முதற்படி, உற்றுநோக்கல்' என்று பாடம் சொல்லியிருந்தது. நபீலா ஒரு நுளம்பைப் போத்தலில் பிடித்தாள். போத்தலுக்குள் அது சுறுசுறுப்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆகவே திறந்துவிட்டு இடக்கையை நீட்டினாள். வாலைத் தூக்கித் தலையைத் தாழ்த்தி, பணிவே உருவாக அது உட்கார்ந்து குடிக்கத் தொடங்கியதும் வலக்கையால் வரைந்தாள். உட்கார்ந்து காட்டுகிறவருக்குச் சித்திரக்காரர் கூலி கொடுப்பதுதானே முறை?

பிறகு கானோரம் போய்ப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு குந்தினாள்.

"என்னகா பாக்காய்?" என்று கேட்டாள் அவ்வழியே போன சுபைறா ராத்தா.

"நுளம்பு."

"ஏன், ஒங்கட ஊட்டுல இல்லையா?"

இரண்டாம் படி, அடைகாத்தல். கருத்தை அவசரப்படுத்தாமல் சில நாள் மனத்தில் கிடக்க விட வேண்டுமாம். நபீலாவின் மனத்தில் கருத்து கிடந்த நாட்களில் ஆமினா உம்மா பாயில் கிடந்தாள். மூன்று சேலை போர்த்தியும் பல் கிட்டியது. ஆஸ்பத்திரி மாத்திரை கசக்கிறதென்று துப்பினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். நபீலா அடைகாத்தலை அத்தோடு நிறுத்திக்கொண்டு வெட்டத் தொடங்கினாள்.

தரைக்கு விரிக்கும் லினோலியத் துண்டொன்றில், வாப்பா குடைக்கம்பியைத் தீட்டிச் செய்து கொடுத்த உளிகளால் வெட்டினாள். வெட்டி எடுத்த இடம் வெள்ளையாகும், விட்ட இடம் கறுப்பாக அச்சில் விழும். நடுவில் பெரிய நுளம்பு. கீழே கான், கானில் உமி, உமிக்குப் பின்னால் மில்லின் புகைக்கூடு. ஓரத்தில் பாயில் சுருண்ட ஒரு பெண். அதுவரை வரைந்ததிலெல்லாம் அதுதான் நல்ல வேலை என்று அவளுக்கே தெரிந்தது.

இரண்டாவது கூட்டத்தில் ஹாஜியார், மாதிரிப் பிரதியைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா இரிக்கி. இது என்ன, தென்ன மரமா?"

"இல்ல ஹாஜியார், மில்லுட பொகக்கூடு."

"மில்லுக்கும் நுளம்புக்கும் என்ன புள்ள சம்பந்தம்?"

ஒரு நுளம்பு மட்டும் அவருடைய காதருகே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

"சம்பந்தமற்றதை நீக்குவதே கலை" என்றார் சரீப் மாஸ்டர். புகைக்கூடு நீக்கப்பட்டது. "நெல்லு விளையிற மண்ணுல உமியக் குறை செல்லலாமா?" என்று ஹாஜியார் வருந்தியதால் உமியும் போயிற்று. அடுத்தது கான்.

"வெளியூரான் பார்த்தால் நமது ஊரில் கான் அடைபட்டுக் கிடப்பதாக எண்ண மாட்டானா?"

"அடைபட்டுத்தானே கிடக்கு மாஸ்டர்" என்றார் சபையிலிருந்த மௌலவி.

'மௌலவி அவர்கள் நகைச்சுவையாக உரையாற்றினார்கள்' என்று சரீப் மாஸ்டர் எழுதிக்கொண்டார். கான் போயிற்று. காய்ச்சல்காரப் பெண், 'ஊரின் பெண்குலத்தைப் பலவீனமாகக் காட்டுவதால்' போனாள். நபீலா வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வெட்டி எறிந்தாள். பெண்ணை வெட்டும்போது மட்டும் உளி ஒரு கணம் நின்றது. பின்னால் பாயில் உம்மா முனகினாள்.

மூன்றாவது கூட்டத்தில் நுளம்பு விசாரணைக்கு வந்தது.

"உயிருள்ள ஒன்றை இத்தனை பெரிதாக வரையலாமா?" என்று சரீப் மாஸ்டர், உயிரினங்களை வரைவதை விரும்பாத மார்க்கத்தின் மீது திடீர் அக்கறை கொண்டார்.

"நோயத் தடுக்க நுளம்ப வரையிறதுல என்னட்ட ஒரு தடையும் இல்ல" என்றார் மௌலவி. "நல்லா வரையட்டும்."

"மௌலவி அவர்கள் பெருந்தன்மையோடு தடையில்லை என்கிறார். அந்தப் பெருந்தன்மையை நாம் துஷ்பிரயோகம் செய்யலாகாது."

நுளம்பு போயிற்று. இப்போது நடுவில் பெரிய வெள்ளை இடம் மட்டும் மிஞ்சியது. வெறுமை மக்களுக்குத் தவறான செய்தியைத் தரும் என்று சபை அஞ்சியது. நெடுநேரச் சிந்தனைக்குப் பிறகு சரீப் மாஸ்டரின் முகம் மலர்ந்தது. அங்கே தலைவர் அவர்களின் உருவம் இடம்பெற வேண்டும்!

"நமக்கு எதுக்கு இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே ஹாஜியார் சட்டைப் பையிலிருந்து தன் போட்டோவை எடுத்தார்.

"இவரும் உயிருள்ளவர்தானே மாஸ்டர்?" என்றார் மௌலவி.

"உயிருள்ளவர் மட்டுமல்ல மௌலவி, தலைவர்!"

நபீலா போட்டோவை வாங்கினாள். அப்போதுதான் கீழே வரப்போகும் வசனம் அவளுக்கு நினைவு வந்தது.

"அப்ப கீழ உள்ள வசனத்த மாத்தோணுமே சேர்?"

சரீப் மாஸ்டரின் மூக்கு சிவந்தது. "ஏகமனதாக நிறைவேறிய வசனம். ஓர் எழுத்தும் மாறாது. படம் உம்முடைய வேலை. வசனம் எம்முடைய வேலை."

"இல்ல சேர், சேத்து வாசிச்சா..."

"பிள்ளாய்! ஆறாம் வகுப்பில் உமக்குத் தமிழ் கற்பித்தவன் நான்."

நபீலா போட்டோவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

போட்டோ ஏதோ கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்த கையோடு எடுத்தது. கன்னம் பூரித்து, உதடு பளபளத்து, கண்கள் பாதி செருகியிருந்தன. அவள் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. புதிய லினோலியத் துண்டொன்றில் கண்டதை வெட்டினாள். காய்ச்சல் கொஞ்சம் தணிந்திருந்த உம்மா தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"ஹாஜியார் அச்சொட்டா இரிக்கார். நுளம்பெண்டு செல்லல்லையா நீ?"

"சபையில தீர்மானிச்சிரிக்காங்க உம்மா."

"அப்ப செரி" என்று உம்மா மறுபடி படுத்தாள்.

'எப்போது கையை எடுக்க வேண்டுமென்று அறிவதே படைப்பின் இறுதிப்படி' என்றது பாடம். வசனத்தை எடுத்துச் சொல்ல, அச்சடிப்பதற்கு முன் இன்னும் இரண்டு நாள் இருந்தது. மௌலவியிடம் போகலாம். ஹாஜியார் வீட்டுக்கே போகலாம். நபீலா உம்மாவின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். இன்னும் சுட்டது. அவள் எங்கேயும் போகவில்லை. கையை எடுத்துவிட்டாள்.

அச்சகத்தில் அழகரெத்தினம், நபீலா வெட்டிய துண்டையும் தான் கோத்த எழுத்தையும் ஒன்றாக வைத்து ஒரு பிரதி இழுத்தார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"தங்கச்சி, இத இப்பிடியே அடிக்கிறதா?"

"கூட்டத்துல முடிவெடுத்தது அண்ணன்."

"நானும் அந்தக் கூட்டத்துல இருந்தன்தானே." வெற்றிலைப் பையைத் திறந்தார். "ஏகமனதா?"

"ஓம். நீங்களும் கை தூக்கினீங்க."

"அப்ப அடிக்கத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டு, சிரிப்பு வெளியே வராதபடி வெற்றிலையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு இயந்திரத்தை ஓட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊரெங்கும் ஒட்டினார்கள். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் சந்தைச் சுவரின் முன்னால் சனம் கூடியது. மில் மாடியிலிருந்து அதைப் பார்த்த ஹாஜியாருக்கு உள்ளம் குளிர்ந்தது. வாசனை பூசிக்கொண்டு இறங்கி வந்தார். சனம் விலகி வழிவிட்டது. சுவரொட்டியின் பக்கத்தில், படத்தில் உள்ளதுபோலவே கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

மீன்காரச் சின்னப்போடி எழுத்துக்கூட்டி வாசிப்பவர். விரலை வைத்து உரக்க வாசித்தார்: "நம்... இரத்தத்தை... உறிஞ்சிக்... கொழுக்கும்..." விரலை எடுத்தார். படத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். திரும்ப விரலை வைத்தார். "இந்த... ஜந்துவை... இனங்காணுங்கள்."

"கண்டாச்சி!" என்றது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

சந்தை வெடித்துச் சிரித்தது. காய்ச்சலில் எழும்பி வந்தவர்கள்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஹாஜியாரும் மரியாதைக்காகச் சேர்ந்து சிரித்தார். பிறகுதான் மூக்குக்கண்ணாடியை மாட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் உடம்பு புல்லரிக்கிறது. நம்மவர்களால் எதையும் ஒழிக்க முடியாதென்று யார் சொன்னது? ஏணி வந்தது, சுடுதண்ணீர் வந்தது, மில் ஆட்கள் அத்தனை பேரும் வந்தார்கள். பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்போது ஊரில் ஒரு சுவரொட்டியும் மிச்சமில்லை. கிழித்த கடதாசியையெல்லாம் எங்கே கொட்டுவது என்ற பிரச்சினைக்கும் உடனே தீர்வு கிடைத்தது. கானில் கொட்டினார்கள்.

மாலையில் நபீலாவையும் வாப்பாவையும் மில் மாடிக்குக் கூப்பிட்டார்கள். கச்சிமுகம்மதின் சைக்கிள் கடை நின்றது ஹாஜியாரின் வளவு நிலத்தில். வாப்பா தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார்.

"வேணுமெண்டுதானே செய்தாய்?" என்று ஹாஜியார் உறுமினார். "நாளைக்குக் கடையப் பூட்டு கச்சிமுகம்மது!"

வாப்பாவின் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் நபீலா ஓரடி முன்னால் வந்தாள்.

"வசனம் மாஸ்டர்ர, ஹாஜியார். போட்டோ ஒங்கட. கானும் உமியும் நான் வரஞ்சிதான் இருந்தன், நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க. மாத்துவமா எண்டு கேட்டன். மாஸ்டரக் கேளுங்க."

சரீப் மாஸ்டர் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"கடையப் பூட்டலாம் ஹாஜியார்" என்றார் மௌலவி மெதுவாக. "மறுகா சனம் ஏன் பூட்டினீங்க எண்டு கேக்கும். படத்துல இரிக்கிற ஜந்து நான்தான் எண்டு நீங்களே செல்லோணும்."

ஹாஜியார் வாயைத் திறந்தார், மூடினார். அன்றைய தினம் அவர் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான். கடை திறந்தபடி இருந்தது. மகாசபை, தன் 'இலக்கு நிறைவேறியதால்' கலைக்கப்பட்டது. ஆமினா உம்மாவை வாப்பா மிரட்டி மாத்திரையை விழுங்க வைத்தார். ஒரு வாரத்தில் எழும்பி நடந்தாள்.

முதலில் இழுத்த பிரதியை அழகரெத்தினம் கிழிக்காமல் வைத்திருந்தார். "அச்சகக்காரன் ஒரு பிரதி வெச்சிருக்கிறது தொழில் வழக்கம் தங்கச்சி" என்று சுருட்டிக் கொடுத்தார். நபீலா அதைக் கொழும்புக்கு அனுப்பினாள்.

ஒரு மாதத்துக்குப் பின் சான்றிதழ் வந்தது. கூடவே பரீட்சகரின் சிவப்பு மைக் குறிப்பு:

'நுளம்பை மனித முகமாகவே கற்பனை செய்த துணிச்சல் பாராட்டத்தக்கது. படத்துக்கும் வசனத்துக்கும் உள்ள பொருத்தம் அபாரம். எனினும், இரத்தம் குடித்த திருப்தியை இந்த அளவுக்குக் காட்டும் முகம் இயற்கையில் இருக்க முடியாது. மிகைப்படுத்தலுக்காக ஐந்து புள்ளிகள் குறைக்கப்படுகின்றன. ஆட்சேபம் இருந்தால், பார்த்து வரைந்த அசலை இணைத்து மேன்முறையீடு செய்யலாம்.'

நபீலா மேன்முறையீடு செய்யவில்லை. அசல் அந்த நேரத்தில் மில் வாசலில் நின்று, உமியைக் கானுக்குள் தள்ளச் சொல்லிக் கைகாட்டிக்கொண்டிருந்தது. அத்தனை கனத்தைத் தபாலில் அனுப்ப முத்திரைக்கு எங்கே போவது?