ஒகாவா வைத்த மொய்

ரெமிஜியஸ் ரசத்துக்காகச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தபோது வீரையன் வந்து தோளைத் தட்டினார்.

"தம்பி, ஒங்க ஜப்பான்காரரு மொய் வச்சிட்டாரு. இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

அஞ்சு நாளாகக் கார் ஓட்டி இடுப்பு விட்டுப்போயிருந்த மனிதனுக்கு, இதில் என்ன தலைபோகிற விஷயம் என்று முதலில் புரியவில்லை.

"வச்சா வாங்கிக்குங்கய்யா."

"வாங்கிக்கலாம். திருப்பிச் செய்யணும்ல? அவரு வீட்டு விசேஷத்துக்கு நான் ஜப்பான் போவணும். எனக்குப் பாஸ்போர்ட்டே கெடையாது!"

ரெமிஜியஸ் சோற்றுக் கையோடு எழுந்தான். ரசம் வாளியோடு அடுத்த இலைக்குப் போய்விட்டது.

தஞ்சாவூர் டிராவல்ஸ் ஆபீசில் ஒகாவாவுக்குப் போட்டுக் கொடுத்திருந்த பயணத்தில், பட்டுக்கோட்டை பக்கம் ஒரு தோப்பு வீட்டில் மதியச் சாப்பாடும் உண்டு. அந்தத் தோப்பு வீடு வீரையனுடையது. வந்த நாள் பார்த்து அவர் பேத்திக்குக் காதுகுத்து. ஒகாவா சாப்பிட்டு முடித்தார். ஒரு வெள்ளைக் கவரை இரண்டு கையாலும் வீரையனிடம் நீட்டினார். பிறகு ரெமிஜியஸ் உட்கார்ந்திருந்த பந்தியைப் பணிவாகக் கைகாட்டி, அவர் பாஷையில் ஏதோ சொன்னார். விசேஷ வீட்டில் கவரை நீட்டினால் அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வாங்கியதை அவர்கள் வீட்டு விசேஷத்தில் கூடப்போட்டுத் திருப்பிச் செய்யாவிட்டால் ஊரில் தலை காட்ட முடியாது.

"அது மொய் இல்லைங்கய்யா, டிப்ஸ். வெளிநாட்டுக்காரங்க சாப்பிட்ட எடத்துல வைக்கிறது."

வீரையன் முகம் மாறிவிட்டது.

"டிப்ஸா? எம் பேத்தி காதுகுத்துல சாப்பிட்டுட்டு எனக்கே டிப்ஸா? நான் என்ன சர்வரா?"

"ஐயய்யோ, மொய்தாங்கய்யா! நான்தான் ஒளறிட்டேன்."

"மொய்தானே? அப்ப அவரு கெளம்புறதுக்குள்ள இப்பவே திருப்பிச் செஞ்சிர்றேன். நமக்குக் கடன் ஆவாது."

டிப்ஸ் என்ற சொல் ரெமிஜியஸ் வாயில் வந்தபோதே அவனுக்கு வயிறு எரிந்தது. அடுத்த வாரம் காருக்கு எப்.சி. பரிசோதனை. பின் டயர் இரண்டும் வழுக்கை. டயர் மாற்றாமல் போனால் வண்டி தேறாது, வண்டி தேறாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. சவாரி முடிவில் ஒகாவா கொடுப்பதை நம்பித்தான் டயர் கடையில் சொல்லி வைத்திருந்தான். கார் ஸ்டாண்டில் கூட வண்டி ஓட்டும் இர்பான், "ஜப்பான்காரனா? அவங்க ஊர்ல டிப்ஸ் குடுத்தா அவமானமாம்டா, ஆசைப்படாத" என்று சொன்னதை அவன் நம்பவில்லை. இப்போது பார்த்தால், ஒரு வேளை சோறு போட்டவருக்குக் கவர். வெயிலில் கோயில் கோயிலாகக் கூட்டிக்கொண்டு திரிந்தவனுக்குப் பாயசம்கூட வரவில்லை.

வீரையன் கவரில் தன் பங்கைச் சேர்த்து ஒகாவாவிடம் நீட்டினார். ஒகாவா பிரித்துப் பார்த்தார். பணம் கூடியிருந்ததைக் கண்டு திடுக்கிட்டு ரெமிஜியஸைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தார்.

"சாரி, சாரி" என்று பர்சை எடுத்து, மேலும் தாள்களைத் திணித்து, மறுபடியும் வீரையனிடமே கொடுத்தார். மறுபடியும் ரெமிஜியஸைக் கைகாட்டினார்.

மொழிபெயர்க்கக் கூப்பிடுகிறார் என்று ரெமிஜியஸ் அலுத்துக்கொண்டே நடுவில் போய் நின்றான்.

"என்ன தம்பி, என் தோப்புல நின்னுக்கிட்டு எனக்கே ஏட்டிக்குப் போட்டியா?" என்றார் வீரையன். மைத்துனரைக் கூப்பிட்டு, அவர் சட்டைப்பையில் தானே கையை விட்டார்.

கவர் திரும்பிப் போயிற்று. கனமாகித் திரும்பி வந்தது. மைக்கில் மொய் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஜப்பான் ஒகாவா அவர்கள், மீண்டும்!" என்று முழங்கினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதி இலையில் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். காது குத்திய குழந்தையின் அழுகையைக் கேட்க ஆளில்லை.

ரெமிஜியஸ் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் திரட்டினான்.

"சார், ஸ்டாப். நோ மோர்."

"நாட் இனஃப்?" என்றார் ஒகாவா கவலையோடு.

"டூ மச் சார்! டூ மச்!"

ஒகாவா அவனை உற்றுப் பார்த்தார். முகம் அப்படியே கனிந்துவிட்டது. "யூ ஆர் குட் மேன்" என்று சொல்லி இன்னொரு பெரிய நோட்டைக் கவரில் வைத்தார்.

வீரையன் தன் மனைவியின் வளையல் பக்கம் பார்வையைத் திருப்பியதும் ரெமிஜியஸ் அவசரமாகக் குறுக்கே வந்தான். இதற்கு மேல் போனால் சண்டையில்தான் முடியும். ஒகாவா ஊருக்குப் போய் என்ன எழுதுவாரோ, ஆபீசில் அடுத்த சவாரியும் தர மாட்டார்கள்.

"ஐயா, ஒங்களுக்கும் வேணாம், அவருக்கும் வேணாம். எதுத்தாப்புல இருக்கிற அம்மன் கோயில் உண்டியல்ல போட்டுருவோமா?"

வீரையன் யோசித்தார். "சாமிக்குன்னா சரி. அதுல யாருக்கும் கடன் நிக்காது."

ரெமிஜியஸ் ஒகாவாவிடம் கவரைக் காட்டினான், கோயிலைக் காட்டினான். "சார், திஸ் மணி, டெம்பிள் பாக்ஸ். புட்."

ஒகாவா கண்களை அகல விரித்தார். "ஆல்? யூ... ஓகே?"

"ஆல், சார். ஐ வெரி ஹேப்பி." சொல்லும்போது அவனுக்குக் கொட்டாவி வந்தது. வருடம் தவறாமல் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவன் அவன். அம்மனோ மாதாவோ, யாராவது இதை வாங்கிக்கொண்டு ஆளை விட்டால் போதும் என்றிருந்தது.

கவர் உண்டியலின் வாயில் சிக்கிக்கொண்டது. ரெமிஜியஸே விரலால் அழுத்தி உள்ளே தள்ளினான். ஒகாவா அவன் முன்னால் இடுப்புவரை குனிந்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. வத்தக்குழம்பு காரம் தாளவில்லை போல என்று நினைத்து ரெமிஜியஸ் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

தஞ்சாவூர் ரயில் நிலையத்தில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, இல்லாத தூசியைக் கைத்துண்டால் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். ஒகாவா மறுபடியும் குனிந்து வணங்கினார். இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ரயிலேறிப் போய்விட்டார்.

ரெமிஜியஸ் வெறுங்கையைப் பார்த்தான். இர்பான் சொன்னது சரிதான். காரின் பின்பக்கம் போய் வழுக்கை டயரை ஒரு உதை விட்டான். கால்தான் வலித்தது.

போன் அடித்தது. ஆபீசிலிருந்து லின்சி.

"என்னம்மா?" என்றான். பேசவே தெம்பில்லை.

"அண்ணே, ஜப்பான் சார் மெசேஜ்லயே அழுறாருண்ணே! டிரைவர் கையில நேரா காசு நீட்டுனா மரியாதை இல்லைன்னு ரொம்பத் தயங்குனாரு, சாப்பிடுற வீட்டுப் பெரியவர் கையால ஒங்களுக்குக் குடுக்கச் சொல்லுங்கன்னு நான்தான் யோசனை சொன்னேன்; நீங்க என்னடான்னா ஒங்க டிப்ஸ் மொத்தத்தையும் உண்டியல்ல போடச் சொல்லிட்டீங்களாமே!"