எங்கள் தெரு கடைசியாகவே இருக்கட்டும்

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

இல்லை, அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். வழக்கமாகக் கடிதத்தின் அடியில் தன் கையால் இரண்டு வரி சேர்ப்பவள், இந்தத் தடவை "நீங்களே எழுதி முடிங்க" என்று சொல்லிவிட்டாள். உன்னை எப்படி அழைத்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாள் கிழித்தேன். நாலாவதும் கோணலாகத்தான் வந்திருக்கிறது, பொறுத்துக்கொள்.

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை நீ மனு வாங்கும் நாளில் உன் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். டோக்கன் நாற்பத்தொன்று. சட்டைப்பையில் மனு. பெஞ்சில் உட்கார்ந்து, பெற்ற மகளிடம் சொல்ல வேண்டியதைப் பள்ளிப் பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். என் முறை வந்ததும் உன் உதவியாளர் தலையைத் தூக்காமலே, "என்ன விஷயமா வந்தீங்க பெரியவரே?" என்றார். உன் அப்பன் என்று சொன்னால் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? தொழில்தான் வாயில் வந்தது. "பூட்டு பாக்க வந்தேன்."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "அப்பாடா! மூணு மாசமா ஆள் அனுப்புங்கன்னு கத்திக்கிட்டு இருக்கோம், இப்பதான் வழி தெரிஞ்சுதா? மேடம் டிராயர் திறக்கவே மாட்டேங்குது, வாங்க" என்று கையைப் பிடித்து உன் அறைக்கே இழுத்துப் போய்விட்டார். முப்பது வருஷமாகப் பூட்டு ரிப்பேர் செய்கிறவன், கெட்டுப்போன பூட்டைப் பார்த்த பிறகு சும்மா திரும்ப முடியுமா? ஆகவே மனு பையிலும், நான் உன் மேசைக்கு அடியிலுமாக ஒரு மணி நேரம் மல்லாந்து கிடந்தேன். அந்த டிராயர் இப்போது வெண்ணெய் மாதிரி திறக்கும்.

ஏன் வந்தேன் என்று கேட்பாய். நீ வீட்டுக்கு வீடு அனுப்பிய தாள் எங்களுக்கும் வந்தது. வரி, பாதுகாப்பு, உள்ளூர் முதலீடு, இந்த மூன்றில் எது முதலில் வேண்டும் என்று எண் போடச் சொல்லியிருந்தாய். தெருவே என் கடையில் கூடிவிட்டது. ஜெராக்ஸ் கடைக்காரர், "வரி நோட்டீஸ் மட்டும் நம்ம தெருவுக்குத்தான் முதல்ல வருது. அது சொந்தபந்தம் பாக்காது போல" என்றார். தையல்காரர், "மெயின் ரோட்ல பெரிய மார்க்கெட் கட்டப்போறாங்களாம், நல்லதுதான். ஆனா நாம அங்க போகணும்னா மொதல்ல இந்தக் குழியத் தாண்டணுமே" என்றார்.

குழி என்றால், என் கடை வாசலில் சாக்கடை மூடி உடைந்து விழுந்த இடம். நீ பதவி ஏற்ற அன்று, "நான் பிறந்த தெருவுக்குக் கடைசியில்தான் வேலை நடக்கும்" என்று மேடையில் சொன்னாயே, அன்றைக்குத் தெருவே கைதட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது நான். அப்புறம் பெய்த மழையில்தான் மூடி போனது. பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் புது மூடி வந்துவிட்டது. தையல்காரர் தினம் ஒரு தடவை, "ஏங்க, உங்க பொண்ணு தோத்திருந்தா நமக்கு இந்நேரம் மூடி வந்திருக்கும்ல?" என்பார். நானும் சிரித்துவைப்பேன்.

ஆனாலும் சும்மா இருக்கவில்லை. வீட்டு நாற்காலி ஒன்றைக் குழிமேல் வைத்து, யாரும் தூக்கிப்போகாதபடி சங்கிலி போட்டுப் பூட்டினேன். இரண்டு மாதம் இந்தத் தெருவின் பொதுப் பாதுகாப்பு அந்த நாற்காலிதான். போன மாதம் நகராட்சி ஆட்கள் வந்து அது ஆக்கிரமிப்பு என்று எடுத்துப்போய்விட்டார்கள். பூட்டை அறுக்க அவர்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அந்த வகையில் எனக்குப் பெருமைதான். குழியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார்கள், அது ஆக்கிரமிப்பு இல்லையாம்.

அதைச் சொல்லத்தான் வந்தேன். மேசைக்கு அடியில் இருக்கும்போதே நீ அவசரமாக உள்ளே வந்தாய். உன் செருப்பு மட்டும் தெரிந்தது. வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தாய். மாண்புமிகுவுக்கு ஒரு செருப்பு வாங்க நேரமில்லையா? உதவியாளர் எங்கள் தெருவின் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டார். நீ போனைக் காதில் வைத்தபடியே, "அது கடைசியில பாத்துக்கலாம். எங்கப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அவருக்குப் புரியும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாய்.

அவ்வளவு நம்பிக்கையாக நீ சொன்ன பிறகு நான் எப்படி மேசைக்கு அடியிலிருந்து எழுந்து வருவது? மனுவோடு திரும்பிவிட்டேன். உன் தாளிலும் வரிக்கு ஒன்று, முதலீட்டுக்கு இரண்டு, பாதுகாப்புக்கு மூன்று என்று எண் போட்டுவிட்டேன். பாதுகாப்புக்கு ஒன்று போட்டால் எனக்காகக் கேட்ட மாதிரி ஆகிவிடும். நீ சொன்ன சொல் நிற்கட்டும். எங்கள் தெரு கடைசியாகவே இருக்கட்டும். ஒன்றும் அவசரமில்லை.

நீ கால் வைக்கிற இடமெல்லாம் உறுதியாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

அப்பா

பின்குறிப்பு: அம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள், அதனால் இதை எழுதுகிறேன். மேலே "நானும் அம்மாவும் நலம்" என்றதில் பாதியை அடித்துவிடு. மூன்று போட்ட இடத்தில் ஒன்று என்று திருத்திக்கொள். நாற்காலியை எடுத்துப்போன மறுநாள் காலை, கடைக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவரும்போது நடந்தது. வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரக் கட்டு. "அவளுக்கு எழுதிடாதீங்க, அவ கொடுத்த வாக்கு கெட்டுப்போயிடும்" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். எங்கப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு என்று நீ சொன்னபோது, உன் செருப்புக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்து, நான் வாய்வரை வந்தும் சொல்லாதது இது ஒன்றுதான்: பாப்பா, அம்மா விழுந்துட்டாம்மா.