கோதண்டம் நிரந்தரமாக அழித்த முதல் ஃபைல்

ஒரு காட்டில், சாலையை அகலப்படுத்த வெட்டப்போவதாகப் பட்டையில் சிவப்பு நம்பர் போட்டிருந்த ஒரு புளியமரத்தில், கோதண்டம் என்ற அணிலும் அதன் மனைவி அம்சவேணியும் குடியிருந்தன. அம்சவேணிக்கு நிறை மாதம். குட்டிகள் பிறப்பதற்குள் வேறு பொந்து கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் கொட்டுகிற மழையில் கிளையில்தான் பிரசவம்.

அந்த மரத்தில் மொத்தம் பதின்மூன்று குடும்பங்கள். ஏரிக்கரை இலுப்பை மரத்தில் அரசாங்கம் ஒதுக்கியதோ பன்னிரண்டு பொந்துகள். ஏன் ஒன்று குறைகிறது என்று கேட்கக் கூடாது. அரசாங்கம் எண்ணினால் அப்படித்தான் வரும். முதலில் விண்ணப்பித்தவருக்கு முதல் பொந்து. விண்ணப்பத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, ஆன்லைனில் ஏற்ற வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கோதண்டம் கம்ப்யூட்டரைத் திறந்தது. இதற்காக அதைத் திட்ட வேண்டாம். நீங்களும் நானும் மட்டும் எப்போது திறக்கிறோம்?

ஸ்கேன் ஆனது. சேமிக்கப் போனால், 'டிஸ்க்கில் இடம் இல்லை' என்றது கம்ப்யூட்டர்.

"என்னங்க இது, போன தீபாவளிக்குத்தானே வாங்கினோம்?" என்றது அம்சவேணி.

இடம் எப்படி இருக்கும்? சேர்த்து வைப்பது அணில் பரம்பரைக்கு ரத்தத்திலேயே ஊறியது. கோதண்டத்தின் கம்ப்யூட்டரில் 'முக்கியம்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'மிக முக்கியம்', அதன் பக்கத்தில் 'முக்கியம் புதுசு'. யார் யாரோ அனுப்பிய காலை வணக்கப் படங்கள் ஒன்பதாயிரம். பழைய இரும்புக்குப் போட்டுவிட்ட கிரைண்டரை எப்படி இயக்குவது என்ற கையேடு, ஐந்து மொழிகளில். எதையாவது அழிக்கச் சொன்னால், "இருக்கட்டும், சோறா கேக்குது?" என்று சொல்லிவிடும்.

பக்கத்துக் கிளையிலிருந்து கிளி சம்பந்தம் எட்டிப் பார்த்தது. சம்பந்தம் தனிக்கட்டை. ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து எளிமையாக வாழப் பழகியிருந்தது. அது பழகியதில் தப்பில்லை. ஊர் முழுக்கப் பழகச் சொன்னதுதான் தாங்கவில்லை.

"அழிச்சிடுங்க சார்," என்றது சம்பந்தம். "என் கம்ப்யூட்டரை வந்து பாருங்க. வேலை முடிஞ்சா ஃபைலை அப்பவே அழிச்சிடுவேன். டிஸ்க்கும் லேசு, மனசும் லேசு. விண்ணப்பத்தைக்கூட முதல் நாளே போட்டுட்டேன்."

"ரொம்ப சந்தோஷம் சார்," என்றது கோதண்டம், பல்லைக் கடித்துக்கொண்டு.

இருப்பதிலேயே பெரிய ஃபைல் எது என்று புருஷனும் பெண்டாட்டியுமாகத் தேடின. கல்யாண வீடியோ. மூன்று கேமரா போதாதென்று, மேலிருந்து எடுக்க ஒரு பருந்தையும் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். ஒன்பது மணி நேரம் ஓடும். முகூர்த்தத்துக்குப் பிறகு இன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

"பந்தியை மட்டும் வெட்டிடலாம்," என்றது கோதண்டம். "உங்க பெரியப்பா சாப்பிடறதே நாற்பது நிமிஷம் ஓடுது."

அம்சவேணியின் வால் நிமிர்ந்தது. "எங்க பெரியப்பாவை அழிச்சிட்டு, உங்க மாமா மூணு தடவை பாயசம் வாங்கினதை மட்டும் வெச்சுக்கணுமா?"

"மாமாதான் மண்டபம் பிடிச்சுக் கொடுத்தார், வேணி."

"பெரியப்பாதான் தாலி எடுத்துக் கொடுத்தார்."

கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் காத்திருந்தது. கடைசியில் இரண்டு பக்கத்திலும் சரிசமமாக வெட்டுவது என்று முடிவானது. ஆனால் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அழிப்பது மரியாதையில்லையே? கோதண்டம் மாமாவுக்குப் போன் போட்டது.

"என்னை அழிச்சுக்கோப்பா, அதுக்கென்ன," என்றார் மாமா. "எதுக்கும் எனக்கு ஒரு காப்பி எடுத்து வெச்சிட்டு அழி."

மாமாவுக்குக் காப்பி என்று கேள்விப்பட்டதும் பெரியப்பா தனக்கு இரண்டு கேட்டார். ஆக, அழிப்பதற்காக உட்கார்ந்த கோதண்டம், அதே டிஸ்க்கில் மூன்று காப்பி எடுக்க ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் இருபது நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு, மறுபடியும் இடம் இல்லை என்றது. மணி நாலே முக்காலைத் தாண்டியிருந்தது.

அம்சவேணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தது. புருஷனைக் கொஞ்சம் நகரச் சொன்னது. திரையின் மூலையில் இருந்த குப்பைத்தொட்டியைத் திறந்தது. கோதண்டம் அதை இன்னொரு ரூம் மாதிரிதான் வைத்திருந்தது. வேண்டாததை அங்கே போடும், ஆனால் ஒருநாளும் காலி செய்யாது.

'எல்லாவற்றையும் நிரந்தரமாக அழிக்கவா?' என்று கேட்டது கம்ப்யூட்டர்.

"அழிச்சுத் தொலை," என்றது அம்சவேணி.

டிஸ்க்கில் கால்வாசி இடம் காலியானது. கோதண்டம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டது.

"அதுல அப்படி என்னங்க இருந்துது?"

"தெரியாதே வேணி. இனிமே தெரிஞ்சுக்கவும் முடியாதே."

நாலு ஐம்பத்தெட்டுக்கு விண்ணப்பம் ஏறியது. ரசீதும் வந்தது. வரிசை எண் பதின்மூன்று. பொந்து பன்னிரண்டுதான். அம்சவேணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை பட்டியல் ஒட்டினார்கள். பன்னிரண்டாவது பெயர்: கோதண்டம்!

நடந்தது இதுதான். கடைசி நாளில் எல்லாரும் சேர்ந்து விண்ணப்பத்தைக் கொட்டியதில் அலுவலகக் கம்ப்யூட்டரும் நிரம்பிவிட்டது. எழுத்தராக இருந்த ஆமைக்கு அன்று வீட்டில் விசேஷம், சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது. இருப்பதிலேயே பழைய ஃபோல்டர் எது என்று பார்த்தது. முதல் நாள் ஃபோல்டர். திறந்தால் உள்ளே ஒரே ஒரு விண்ணப்பம். ஒன்றுதானே என்று அழித்துவிட்டுக் கிளம்பிவிட்டது. காட்டிலேயே முதல் நாள் விண்ணப்பம் போட்டது ஒரே ஒரு ஜீவன்தான்.

பட்டியலுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: 'பெயர் விடுபட்டவர்கள் இன்று மதியம் இரண்டு மணிக்குள் ரசீதைக் காட்டினால் தேதி வரிசைப்படி சேர்க்கப்படுவார்கள்.'

பதினோரு மணிக்கு சம்பந்தம் மூச்சிரைக்கப் பறந்து வந்தது. "சார், என் ரசீதை நான் அழிச்சிட்டேன். வேலை முடிஞ்சுதேன்னு அழிச்சிட்டேன். ஆனா முதல் நாளே நம்ம மரத்து வாட்ஸப் குழுவில போட்டிருந்தேன், எல்லாருக்கும் ஒரு உற்சாகமா இருக்கட்டுமேன்னு. அதையும் அன்னிக்கே அங்கேயிருந்து அழிச்சிட்டேன். மத்தவங்க யாரும் அதுக்குள்ள திறந்தே பார்க்கலையாம். எதையும் அழிக்காத ஆள் இந்த மரத்துல நீங்க ஒருத்தர்தான். கொஞ்சம் தேடிப் பாருங்க சார்."

அதன் குரல் நடுங்கியது. அந்தக் குரலில் கோதண்டம் அதுவரை உபதேசத்தைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை.

"இருங்க சார், பார்க்கிறேன்," என்று உள்ளே போய்த் தேடியது. இருந்தது. நாலு ஃபோல்டரில் நாலு காப்பி இருந்தது. முத்திரை, தேதி, 'வரிசை எண் ஒன்று' எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

சம்பந்தம் ஒன்றாவதாகப் போனால், பன்னிரண்டாவது பதின்மூன்றாவது ஆகிவிடும். பின்னால் அம்சவேணி பழைய துணியெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. மூன்று நாளைக்குப் பிறகு அன்றுதான் அதன் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

"கிடைச்சுதாங்க?" என்று மெதுவாகக் கேட்டது.

கோதண்டம் அதன் வயிற்றைப் பார்த்தது. வெளியே கிளையில் காத்திருந்த கிளியைப் பார்த்தது. இந்த மாதிரிக் கதைகளில் இந்த இடத்தில் அணிலுக்கு மனசாட்சி பேச வேண்டும். நானும் அதற்குத்தான் காத்திருந்தேன்.

கோதண்டம் நாலு காப்பியையும் தேர்ந்தெடுத்தது. அழித்தது. குப்பைத்தொட்டியையும் காலி செய்தது. எதற்கும் ஒரு காப்பி எடுத்து வைக்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

பிறகு வெளியே வந்து சொன்னது: "மன்னிச்சுக்குங்க சார். வெள்ளிக்கிழமை நீங்க சொன்னதுக்கப்புறம் மனசு மாறிட்டேன். எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

சம்பந்தத்தின் கண் கலங்கியிருந்தது.

"பரவாயில்லை சார்," என்றது. "என் பேச்சைக் கேட்டு நீங்களாவது திருந்தினீங்களே. அது போதும்."

சொல்லிவிட்டு, இருந்த ஒரே ஒரு பையை எடுத்துக்கொண்டு மழை இருட்டிக்கொண்டு வந்த திசையில் பறந்து போனது.

நீதி: பற்றை விடுவது ஒன்றும் கஷ்டமில்லை. அடுத்த வீட்டுக்காரரின் பொருளில் தொடங்கினால் சீக்கிரம் பழகிவிடும்.