டிராக்டர் அண்ணன் பார்க்காத ஆட்டம்

ஆடுகிறவர்களுக்கு வியர்ப்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆட்டத்தைப் பார்க்கிறவருக்கு வியர்த்து, துண்டால் துடைத்து, சட்டையை மாற்றி, ஒரு ஜக் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, "முடியலலா தம்பி" என்று சுவரில் சாய்ந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். நெகிரி செம்பிலானை விடுங்கள், மலேசியா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் தோட்டத்து டிராக்டர் அண்ணனைப் போல டிவியில் நடனப் போட்டி பார்த்த ஒரு ஆள் கிடைக்க மாட்டார்.

அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அடையாளக் கார்டில் அது பத்திரமாக இருக்கிறது, யாரும் எடுத்து உபயோகிக்கவில்லை. எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலைகளை ஏற்றி மில்லுக்குக் கொண்டுபோகும் டிராக்டரை ஓட்டுகிறவர் என்பதால் சின்னப் பிள்ளையிலிருந்து மேனேஜர் வரைக்கும் டிராக்டர்தான். ஆளும் அதற்கேற்ற ஆள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி முனகும். மீசையைப் பார்த்து நாய்கள் வழிவிடும். அப்படிப்பட்டவர் சனிக்கிழமை சாயங்காலமானால் குளித்து, விபூதி பூசி, டிவி முன்னால் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். நான் பக்கத்து மந்தின் டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை முடித்து, மோட்டர் சைக்கிளில் களைத்துப்போய் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே அந்தப் பக்கம் ஆரம்பித்துவிடும்.

"போடு! போடு! அப்படித்தான் போடு! ஐயோ கைய பாரு, கைய பாரு!"

பிறகு நடுவர்களின் முறை வரும். அவர்கள் குறை சொன்னால் போச்சு.

"கால் தப்பாம்! ஓய், உன் கண்ணுதான்யா தப்பு! கண்ணாடிய மாத்துலா!"

தொடர்ந்து தொம்மென்று ஒரு சத்தம். அது தலையணை. ஒருமுறை ரிமோட்டை எறிந்து, அது பலகையில் பட்டு எங்கள் வீட்டுச் சாமி படம் கீழே விழுந்துவிட்டது. மறுநாள் அவரே வந்து ஆணி அடித்துக் கொடுத்தார். அடிக்கும்போதும் அந்த நடுவரைத் திட்டிக்கொண்டேதான் அடித்தார்.

அந்த வருடப் போட்டியில் ஷாமினி என்று ஒரு பெண் ஆடினாள். போர்டிக்சன் பக்கத்துப் பிள்ளை. முதல் வாரத்தில் அவள் வீட்டைக் காட்டினார்கள். காலணி அலமாரிக்கும் துணி காய்கிற கொடிக்கும் நடுவில், அப்பாவின் மோட்டரைத் தள்ளி வைத்துவிட்டு, அவள் வாசல் சிமெண்டில் ஆடிப் பழகிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த நிமிடமே டிராக்டர் அண்ணன் முடிவு செய்துவிட்டார்.

"நம்ம புள்ள!"

"யாருங்க, உங்க பக்கத்துச் சொந்தமா?" என்று கேட்டார் அவர் மனைவி ராணி அக்கா.

"போர்டிக்சன்னா சொந்தம்தாண்டி!"

அன்றிலிருந்து தோட்டத்தில் ஒருவர் கைப்பேசியும் தப்பவில்லை. கோயிலில், கடையில், கல்யாண வீட்டில், எங்கே கண்டாலும் "போன குடு" என்று வாங்கி, ஷாமினிக்கு ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் திருப்பித் தருவார். வங்காளதேசத்திலிருந்து வந்து குலை வெட்டுகிற தொழிலாளிகளையும் விடவில்லை. "இனி புடாக் பாகுஸ்லா! தோலோங் உண்டி!" என்று, பிள்ளை நன்றாக ஆடுகிறது, ஓட்டுப் போடுங்கள் என்பதை மலாயில் கெஞ்சுவார். புரியாதவர்களுக்கு டிரெய்லர் மேல் நின்று, ஷாமினி எப்படி ஆடினாள் என்று ஆடியே காட்டுவார். அதைப் பார்த்த பயத்திலேயே அவர்கள் ஓட்டுப் போட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது மழை. நம்மூரில் கூரைமேல் வைக்கிற டிவித் தட்டுகளின் கதைதான் உங்களுக்குத் தெரியுமே, மேகம் கறுத்தாலே படம் கல்லாகிவிடும். ஒரு சனிக்கிழமை மழை வரும்போல இருந்தது. அண்ணன் இரவுச் சந்தைக் கடைக்காரர்கள் விரிக்கிற பெரிய குடை ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தார். ஏணி போட்டுக் கூரையில் ஏறி, தட்டுக்கு மேலே குடையைக் கட்டினார்.

"தட்டு நனையாட்டி சரியாப் போச்சுலா!" என்று மேலிருந்து எனக்கு விஞ்ஞானம் சொன்னார்.

காற்று வந்தது. குடை பறந்தது. குடையைக் கட்டியிருந்த கயிறு தட்டையும் விடவில்லை. ஷாமினி மேடை ஏறுகிற நேரத்தில், அண்ணன் வீட்டுத் தட்டு பக்கத்து முருங்கை மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தோட்டம் முழுக்க மழையில் படம் போய்விட்டதால் ஓடிப்போய்ப் பார்க்க வேறு வீடும் இல்லை. அந்த வாரம் அவள் கடைசி இரண்டு பேரில் ஒருத்தியாக நின்று, மயிரிழையில் தப்பினாள்.

மறுநாள் காலை அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் பாக்கல தம்பி. அதான்."

"நீங்க பாத்தா என்ன, பாக்காட்டி என்ன? அந்தப் புள்ளைக்கு உங்களத் தெரியுமா?" என்றார் ராணி அக்கா.

"அதுக்குத் தெரியாது. அது காலுக்குத் தெரியும்லா!"

ராணி அக்கா உள்ளே போய்விட்டார். அண்ணனுக்கு அது உறுதியாகிவிட்டது. அவர் பார்த்தால் ஷாமினி ஜெயிப்பாள். பார்க்காவிட்டால் விழுவாள்.

இந்த நிலைமையில்தான் இறுதிச்சுற்றின் தேதியை அறிவித்தார்கள். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவின் ரத ஊர்வலமும் அதே சனிக்கிழமை சாயங்காலம்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் ரதத்தை இழுப்பது டிராக்டர். அதை ஓட்டுகிறவர் அண்ணன். ஓட்டுகிறவர் கையில் காப்புக் கட்டியிருக்க வேண்டும். ரதம் கோயிலை விட்டுக் கிளம்பினால், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அர்ச்சனை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து சேரும்வரை அவர் இருக்கையை விட்டு இறங்கக் கூடாது. அண்ணன் அதைப் பெரிய பாக்கியமாக நினைத்தவர். வேறு யாரும் அந்த ஸ்டியரிங்கைத் தொட அவர் விட்டதே இல்லை.

கோயில் தலைவரிடம் போனார். நானும் கூடப் போனேன், வேடிக்கை பார்க்க.

"தலைவரே, திருவிழாவ ஒரு வாரம் தள்ளி வச்சுக்கலாமா?"

"ஏன்?"

"எனக்கு ஒடம்பு சரியில்லலா."

"அடுத்த வாரம் சனிக்கிழமை சரியில்லாமப் போவப்போவுதுன்னு இப்பவே தெரியுமா?"

அண்ணன் திரும்பி நடந்தார். வீட்டு வாசலுக்கு வந்ததும் திடீரென்று என் தோளில் ஒரு அடி விட்டார், எலும்பு கழன்றதுபோல இருந்தது.

"தம்பி! ரதம் எல்லா வீட்டுலயும் நிக்கும்லா?"

"நிக்கும்."

"எல்லா வீட்டுலயும் டிவி இருக்குலா?"

மறுநாளே வேலையில் இறங்கினார். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒன்று விடாமல் போய், அன்று சாயங்காலம் எல்லாரும் அந்தச் சேனலை வைக்க வேண்டும், டிவியை வாசலைப் பார்த்துத் திருப்ப வேண்டும், கதவை அகலமாகத் திறக்க வேண்டும், வாசலில் குண்டான ஆட்கள் யாரும் நிற்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அம்மன் வரும்போது டிவியை அணைப்பதுதானே மரியாதை என்று ஒரு பாட்டி கேட்டதற்கு, "அம்மனும் பாக்கட்டுமே ஆயா, வருசம் பூரா கோயில்ல சும்மாத்தானே இருக்கு" என்றாராம்.

திருவிழா வந்தது. அப்படி ஒரு ஊர்வலத்தை எங்கள் தோட்டம் அதற்கு முன் கண்டதில்லை. விளக்குகள் ஜொலிக்க ரதம் அசைந்து வருகிறது, உருமி மேளம் காதைப் பிளக்கிறது, டிராக்டரில் பட்டு வேட்டியோடு அண்ணன். கண் மட்டும் வீடுகளுக்குள். டிவியில் ஆட்டம் என்றால் ரதம் அந்த வாசலில் நங்கூரம் போட்டமாதிரி நிற்கும். விளம்பரம் என்றால் பூசாரி கற்பூரம் காட்டி முடிப்பதற்குள் நகரும்.

"எங்க வீட்டுக்கு மட்டும் ஏண்ணே இவ்வளவு அவசரம்?" என்று ஒரு பெண் அர்ச்சனைத் தட்டோடு பின்னால் ஓடிவந்து கத்தினாள்.

"விளம்பரம்மா! நான் என்ன பண்ணட்டும்!"

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இது சாமி ஊர்வலமா, டிவி ஊர்வலமாய்யா?" என்று மட்கார்டில் ஓங்கி அடித்தார். அண்ணன் காதில் விழவில்லை. உருமிக்காரர்கள் கெட்டிக்காரர்கள், நிலைமையைப் புரிந்துகொண்டு டிவியில் ஓடிய பாட்டுக்கே தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

வீடுகள் ஒவ்வொன்றாக முடிந்தன. ஷாமினி மட்டும் இன்னும் மேடைக்கு வரவில்லை. கீழ் லயத்தின் கடைசி வீட்டில் அண்ணன் முடிந்தமட்டும் இழுத்தடித்தார். கிளட்சு சரியில்லை என்றார், டயரைப் பார்க்கச் சொன்னார். பூசாரி இரண்டாவது முறையும் கற்பூரம் காட்டிவிட்டார். இனி வழியில்லை. அதற்கப்புறம் பந்து விளையாடுகிற திடல், அதைத் தாண்டினால்தான் மேல் லயம். திடலில் வீடும் கிடையாது, கைப்பேசிக்கு லைனும் கிடைக்காது.

ரதம் திடலின் நடுவில் போகும்போது பின்னாலிருந்து பெண்களின் கூச்சல் கேட்டது.

"அண்ணே! ஷாமினி வந்துட்டா! ஷாமினிண்ணே!"

டிராக்டர் நின்றது. உருமியும் நின்றது. எல்லாரும் அவரையே பார்த்தோம். இறங்கி ஓடினால் கடைசி வீட்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

தலைவர் டிராக்டர் பக்கத்தில் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "போய்ப் பாத்துட்டு வாய்யா. நாங்க நிக்கிறோம். தாயி ஒண்ணும் சொல்லமாட்டா" என்றார்.

அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேணாம் தலைவரே. என்ன நம்பி வந்தவள நடுத்திடல்ல விட்டுட்டுப் போவக்கூடாது."

கியரைப் போட்டார். ரதம் நகர்ந்தது. மேல் லயத்தின் முதல் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் முடிந்து எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் சில வீடுகள் தாண்டியதும் முடிவைச் சொன்னார்கள். ஷாமினிக்கு இரண்டாவது இடம். அண்ணன் அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கவில்லை. ரதத்தை ஒரு குலுக்கல் இல்லாமல் கோயிலில் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கி, அம்மன் முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

ஒரு வாரம் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எனக்கு வீடு வீடாகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் தட்டினார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பை ரம்புத்தானும்.

"தம்பி, கார எடு. போர்டிக்சன் போவணும். அந்தப் புள்ளைகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர்கள் சிரிப்பார்கள் என்றேன். "சிரிச்சாச் சிரிக்கட்டும்லா" என்று காரில் ஏறிவிட்டார். போர்டிக்சனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கேட்டதுமே வீட்டைக் காட்டினார்கள்.

டிவியில் பார்த்த அதே வாசல். ஷாமினிதான் வந்தாள். டிவியில் தெரிந்ததைவிடச் சின்னப் பெண். அண்ணன் பழத்தைக் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, மழை பெய்த வாரத்திலிருந்து தொடங்கித் திடல் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். கடைசியில், "நான் பாத்திருந்தா நீ ஜெயிச்சிருப்பம்மா. தப்பு என்னோடதுதான்" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் சிரிக்கவில்லை.

"தோத்ததுக்கு அப்புறம் எங்க வீட்டுக்கு வந்த மொத ஆளு நீங்கதாண்ணே" என்றாள். "ஜெயிப்பேன்னு இருந்தப்ப தினமும் கூட்டம். இப்ப யாரும் வரல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க பாக்காத அந்த ஆட்டத்த இப்ப ஆடுறேன், பாக்குறீங்களா?" என்று கேட்டாள்.

அவள் அப்பா மோட்டரைத் தள்ளி வைத்தார். அம்மா கொடியில் கிடந்த துணியை எடுத்தார். கைப்பேசியில் பாட்டு ஓட, அவள் ஆடினாள். அப்பப்பா, என்ன ஆட்டம்! வெறும் சிமெண்டுத் தரையில், வெறுங்காலில், பட்டப்பகலில்! அக்கம்பக்கத்தவர்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள். பாட்டு பாதிக்கு வருவதற்குள் அண்ணனுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது.

"போடு! போடு! அப்படித்தாம்மா போடு!"

அவள் ஆடிக்கொண்டே சிரித்தாள். அழவும் செய்தாள். முடிந்ததும் தெருவே கைதட்டியது. அண்ணனின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

திரும்பி வரும்போது அவர் வாய் ஓயவில்லை. அந்தக் கடைசிச் சுழற்சியைப் பற்றியே பாதி வழியில் இருக்கிற மம்பாவ் வரைக்கும் பேசினார். அப்புறம் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தால், இருக்கை முழுக்க நிறைந்துபோய், வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டிருந்தார். தோட்டத்துக்குள் நுழைகிற செம்மண் சாலை முழுக்கக் குழி. வழக்கமாக நான் அதில் தூக்கிப்போடத் தூக்கிப்போட வேகமாகத்தான் ஓட்டுவேன். அன்று ஒவ்வொரு குழிக்கும் பிரேக் போட்டு, அவர் தூக்கம் கலையாமல் வீடுவரை ஊர்ந்தே வந்தேன்.