நாலு நிமிஷச் சிமிட்டல்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நான் மேலே நலம், உன் அக்கா கீழே நலம். மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் உறுப்பினராக இருப்பவனுக்குப் போய் வீட்டுச் சண்டையை எழுதுகிறேனே என்று நினைக்காதே. இது உன் இலாகாதான்.

உன் அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும். போன வாரம் ஆஸ்பத்திரியில் கால் பயிற்சி முடிந்து வந்து, ஒன்பதாவது மாடியில் இருக்கும் வீட்டுக்கு வர லிஃப்டில் ஏறினாள். ஏழாவதில் கரண்ட் போயிற்று. நாலு நிமிஷத்தில் வந்தது. ஆனால் கரண்ட் போய் வந்தால் எங்கள் லிஃப்டுக்குப் பழைய ஞாபகம் எதுவும் இருக்காது, நேரே தரைத்தளத்துக்குப் போய்த்தான் மறுபடி புத்தி வரும். திரும்ப ஏறினாள், எட்டாவதில் போயிற்று, திரும்பவும் கீழே. கதவு திறந்ததும் வெளியே வந்து, தரைத்தளத் தையல்காரி வீட்டில் உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. போனில் கெஞ்சினேன். "நான் வேணும்னா நீங்க இறங்கி வாங்க. இந்த வயசுல என்னால ஊஞ்சலாட முடியாது"ங்கிறா.

சரி, முறைப்படி போவோம் என்று கட்டண உயர்வு பற்றிய உங்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வந்தேன். நீ மேடையிலிருந்து என்னைத் தெரியாதவன் மாதிரி பார்த்தாய், பதவி அப்படி, தப்பில்லை. மின்சாரக் கம்பெனி அதிகாரி எழுந்து, எங்கள் பகுதியில் இந்த வருஷம் மின்வெட்டே கிடையாது, இவ்வளவு நம்பகமான சேவைக்குத்தான் கட்டணத்தை உயர்த்திக் கேட்கிறோம் என்றார். நான் லிஃப்டைப் பற்றிச் சொன்னேன். அவர் ரொம்பப் பொறுமையாக, "ஐயா, அஞ்சு நிமிஷத்துக்குள்ள வந்துட்டா அது மின்வெட்டு இல்ல. விதிப்படி அது சிமிட்டல்" என்றார். விதி உங்க ஆணையம் போட்டதாம். மச்சான், அந்தச் சிமிட்டல்லதான் நான் பெண்டாட்டியைப் பறிகொடுத்துட்டு நிக்கிறேன். நான் சமைக்கிறதை நானே சாப்பிட வேண்டியிருக்கு. சிமிட்டலையும் மின்வெட்டுன்னு எண்ணச் சொல்லு. எண்ணினா கம்பெனிக்காரன் பயப்படுவான், பயந்தா சரி பண்ணுவான், உன் அக்கா வீடு வந்து சேருவா. வேற ஒண்ணும் கேக்கல.

உன் வீட்டாருக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் வீட்டிலாவது விளக்கு அணையாமல் எரியட்டும்.

இப்படிக்கு,
ஒன்பதாவது மாடி அத்தான்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்க ஒரு வாரம் சோம்பியிருந்தேன், அதற்குள் நீங்களே விதியை மாற்றிவிட்டீர்கள். இனி ஒரு நொடி போனாலும் மின்வெட்டுதான். ஆனால் எத்தனை தடவை போகிறது என்றுதான் எண்ணுவார்களாம், எவ்வளவு நேரம் என்று இல்லையாம். கம்பெனிக்காரன் காலையில் ஒரே தடவை நிறுத்துகிறான், இருட்டும்வரை விடுவதில்லை. கணக்கில் ஒன்று. லிஃப்ட் இப்போது அசைவதே இல்லை. நானும் துணிமணியை எடுத்துக்கொண்டு படி வழியாகக் கீழே வந்துவிட்டேன். மேலே கேட்டதையெல்லாம் மறந்துவிட்டு, முடிந்தால் பழைய சிமிட்டலையே வாங்கிக் கொடு. உன் அக்கா சௌக்கியம். தையல்காரிதான் வேறு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறாள்.